யோகாவை அன்றாடப் பழக்கமாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதியவர்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஆசனங்களைக் கற்றுக்கொள்வதில் யாருக்கும் பெரிய சிரமம் இருப்பதில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபின், கேட்க ஆளில்லாத நேரத்தில், தினமும் விரிப்பை எடுத்துப் போடுவதுதான் சிரமம். அதனால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

பதினைந்து நிமிடம். முதல் மூன்று மாதங்களுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்றே சொல்வேன்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். வகுப்புகள் ஒரு மணி நேரம் நடக்கின்றன. மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஜூன் 21 யோகா தினத்துக்காக வகுத்திருக்கும் பொதுப் பயிற்சி முறையே 45 நிமிடம். பதினைந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் வாரம் நன்றாகவே போகும். இரண்டாம் வாரம் ஒரு நாள் மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் ஏறாது. இன்னொரு நாள் பிள்ளைக்குப் பரீட்சை. அன்றைக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. "அரைகுறையாகச் செய்வதற்கு நாளைக்கு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம்" என்று மனம் சொல்லும். அந்த நாளையும் தள்ளிப்போகும். பதினைந்து நிமிடம் அப்படி இல்லை, எவ்வளவு மோசமான நாளிலும் அதைப் பிடுங்கி எடுத்துவிடலாம்.

பதஞ்சலி யோக சூத்திரத்தில், முதல் பாதத்தின் 14ஆவது சூத்திரம் பயிற்சி உறுதியாக ஊன்றிக்கொள்ள மூன்று விஷயங்களைச் சொல்கிறது: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. ஒரு நாளில் எத்தனை நாழிகை என்ற பேச்சே அதில் இல்லை. புதியவர்களுக்கு இதைவிடப் பயன்படும் வரி எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

பதினைந்து நிமிடமும் கிடைக்காத நாளுக்கென்று ஒரு சின்ன அளவையும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். இரண்டு ஆசனம், அப்புறம் ஒரு நிமிடம் சவாசனம் (மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தி ஓய்வெடுப்பது), அவ்வளவுதான். காய்ச்சல் நாளைத் தவிர மற்ற எல்லா நாளுக்கும் இது பொருந்தும்.

சரி, அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்னென்ன செய்வது?

முதல் மூன்று மாதமும் ஒரே வரிசையைச் செய்யுங்கள். "இன்றைக்கு என்ன செய்யலாம்" என்று யோசிக்கும் வேலை இருந்தாலே பாதி நாள் தள்ளிப்போகும். உடலில் பெரிய பிரச்சினை இல்லாதவர்களுக்கு நான் தரும் வரிசை இது.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் வையுங்கள். ஒரு நிமிடம் மூச்சு தானாக வந்துபோவதைக் கவனியுங்கள். பிறகு அபானாசனம்: இரண்டு முழங்கால்களையும் கைகளால் பிடித்துக்கொண்டு, மூச்சை விடும்போது வயிற்றை நோக்கி இழுங்கள், மூச்சை எடுக்கும்போது கை நீளும்வரை தள்ளி விடுங்கள். ஆறு முறை. அதே நிலையிலிருந்து பாதங்களை ஊன்றி, மூச்சை எடுத்தபடி இடுப்பை மெதுவாக உயர்த்துங்கள், விட்டபடி இறக்குங்கள். இதுவும் ஆறு முறை. சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம் இது.

அடுத்து கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை எடுக்கும்போது மார்பை முன்னால் கொண்டுவந்து நேராகப் பாருங்கள். விடும்போது முதுகை வளைத்தபடி பின்னால் போய்க் குதிகால் மேல் உட்காருங்கள். குதிகால் வரை போக முடியாவிட்டால் போகிற இடத்தில் நிறுத்துங்கள். ஆறு முறை.

இப்போது எழுந்து நில்லுங்கள். தாடாசனம்: பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்க, மூச்சை எடுத்தபடி கைகளை முன்பக்கமாக மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள். நான்கு முறை இப்படிச் செய்தபின், கை மேலே இருக்கும்போது மூச்சை விட்டபடி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி முன்னால் குனியுங்கள். மூச்சை எடுத்தபடி நிமிருங்கள். இதுவும் நான்கு முறை. பிறகு சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்று விருக்ஷாசனம், ஒவ்வொரு காலிலும் ஐந்து மூச்சு. மடக்கிய காலின் பாதத்தைக் கெண்டைக்காலில் வைத்தால் போதும். தொடைவரை ஏற்ற வேண்டியதில்லை, முழங்கால் மூட்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள்.

குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோலத் தலையையும் மார்பையும் தூக்கும் புஜங்காசனம் தாழ்வாக நான்கு முறை. கையை அழுத்தித் தூக்குவதைவிட முதுகுத் தசையால் எவ்வளவு எழும்ப முடிகிறதோ அவ்வளவு எழும்புங்கள். தொப்புள் தரையை விட்டு எழ வேண்டியதில்லை. திரும்பவும் மல்லாந்து அபானாசனம் நான்கு முறை, அதன் பிறகு சவாசனம் மூன்று நிமிடம்.

மூச்சு எங்கே நின்றுபோகிறது, எங்கே முக்கல் வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் உடலுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். அசைவு முழுவதும் மூச்சின் நீளத்துக்குள் அடங்க வேண்டும், மூச்சு கொஞ்சம் முன்னால் தொடங்கிக் கொஞ்சம் பின்னால் முடிய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பார்த்துத் திருத்த ஆள் இல்லாத நேரத்திலும் பெரும்பாலும் தவறாகப் போகாது.

சவாசனத்தை மட்டும் வெட்டாதீர்கள். அவசரமாக இருக்கும் நாளில் எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான். நேரம் குறைவாக இருந்தால் நின்று செய்யும் ஆசனங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்தக் கணக்கு 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். அது காலப்போக்கில் எல்லாப் பழக்கத்துக்குமான கெடுவாக மாறிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2010இல் அச்சில் வந்த ஆய்வு அது. 96 பேர், ஆளுக்கு ஒரு புதிய பழக்கம், 12 வாரம். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழக நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரியது, 18 நாளிலிருந்து 254 நாள்வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). உடற்பயிற்சி போன்ற கொஞ்சம் சிக்கலான பழக்கங்களுக்கு, தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிடக் கூடுதல் காலம் பிடித்தது.

ஆகவே 21ஆம் நாள் காலையில் எழுந்து "இன்னும் எனக்குக் கஷ்டமாகத்தானே இருக்கிறது, எனக்கு யோகா சரிவராது போலிருக்கிறது" என்று நினைக்காதீர்கள். நிறைய பேர் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள். அந்த வாரத்தில் கஷ்டமாக இருப்பதுதான் சகஜம்.

அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

காலையில்தான் செய்ய வேண்டுமா?

பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து செய்வது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வயிறு காலியாக இருக்கும், போன் வராது, வெயில் ஏறியிருக்காது, எல்லாம் உண்மைதான். ஆனால் ஐந்தரை மணிக்கு அடுப்பு பற்றவைத்து ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய ஒருவரிடம் நான்கு மணிக்கு எழுந்திருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்யும் யோகா நீடிக்காது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு "காலை" என்பதே வேறு நேரம்.

நேரத்தைக் கடிகாரத்தில் தேடாதீர்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் பின்னால் கட்டுங்கள். பல் தேய்த்தபின், பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தபின், ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவியபின். "வேன் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு விரிப்பைப் போடுவேன்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று இப்படித் தெளிவாக முடிவு செய்தவர்கள், "இனிமேல் தினமும் செய்வேன்" என்று பொதுவாக நினைத்தவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இல்லத்தரசிகள் பலருக்கு நான் பரிந்துரைப்பது காலை பத்து பத்தரை மணி. வீடு காலியாக இருக்கும், காலை டிபன் ஓரளவு செரித்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வந்ததும். சோபாவில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது, அதனால் உட்காருவதற்கு முன்பே.

காலையில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த உடனே ஆழமாக முன்னால் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடுதலாக விழும். பல் தேய்த்து, தண்ணீர் குடித்து, காலைக்கடன் முடித்து, ஒரு அரைமணி முக்கால் மணி நடமாடியபின் தொடங்குங்கள். முதுகுவலி இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? காபி குடிக்கலாமா?

முழுச் சாப்பாடு என்றால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். இட்லி, உப்புமா போன்ற டிபன் என்றால் இரண்டு மணி நேரம். காபி குடித்துவிட்டு அரைமணி கழித்துச் செய்யலாம். காபி இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது என்பவர்கள் அதற்காக யோகாவை விட வேண்டாம்.

வீட்டில் இடமே இல்லை. மேட் கட்டாயம் வாங்க வேண்டுமா?

ஓர் ஆள் படுத்துக் கையை விரிக்கும் இடம் போதும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அந்த இடம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. முக்கியமானது, தினமும் அதே இடம் என்பது. டீப்பாயை நகர்த்தி, துணிக்கொடியை மடக்கி, இத்தனையும் செய்தால்தான் இடம் கிடைக்கும் என்றால் பத்து நாளில் அலுத்துவிடும்.

படுத்தும் உட்கார்ந்தும் செய்பவற்றுக்கு ஜமுக்காளம் நன்றாகவே இருக்கும். ஆனால் டைல்ஸ், மொசைக் தரையில் ஜமுக்காளத்தின் மேல் காலை அகட்டி நின்றால் வழுக்கும், கோரைப்பாயும் அப்படித்தான். நின்று செய்பவற்றை வெறும் தரையில் வெறுங்காலோடு செய்யுங்கள். மேட் வாங்குவதானால் 4 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். அதற்கு மேல் மெத்தென்று இருந்தால் ஒற்றைக்காலில் நிற்கும்போது ஆட்டம் காணும். வாங்கியபின் சுருட்டி உள்ளே வைக்காமல் கண்ணில் படுகிற மூலையில் நிறுத்தி வையுங்கள்.

மின்விசிறி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். மே மாதச் சென்னையில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சவாசனத்தின்போது மட்டும் வேகத்தைக் குறைத்தால் நல்லது. வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே போகவே மாட்டேன் என்கிறது. எனக்கெல்லாம் யோகா வருமா?

கை தரையைத் தொட வேண்டும் என்று யார் சொன்னது? குனியும்போது நீள வேண்டியது தொடையின் பின்பக்கத் தசையும் முதுகும். முழங்காலை மடக்கிக்கொண்டு, வயிறு தொடைமேல் படிகிற மாதிரி குனிந்தால் அது நடக்கிறது. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு விரலைத் தரைக்குக் கொண்டுபோக இழுத்தால், அந்த இழுப்பு இடுப்பெலும்பின் அடியில் தசை ஒட்டியிருக்கும் இடத்தில் போய் விழும். உட்காரும்போது குத்துகிற ஒரு வலி அங்கே வந்தால் மாதக்கணக்கில் போகாது.

யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் புனேயில் கற்பித்தபோது கட்டை, பெல்ட், நாற்காலி, சுவர்க் கயிறு என்று பல துணைப்பொருட்களை யோகாவுக்குள் கொண்டுவந்தார். விறைத்த உடம்புக்காரர்களும் நோயாளிகளும் ஆசனத்தின் பலனைப் பெற வேண்டும் என்பதுதான் காரணம். வீட்டில் அதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. பெல்ட்டுக்குப் பதில் துண்டு அல்லது துப்பட்டா. கட்டைக்குப் பதில் தடித்த புத்தகம். கூடவே கை வைத்த நாற்காலி ஒன்று.

சம்மணம் போட்டால் முழங்கால் வலிக்கிறது. பத்மாசனம் வராமல் யோகா செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். இடுப்பு மூட்டு போதுமான அளவு திரும்பாதபோது காலை இழுத்துத் தொடைமேல் வைத்தால், மீதித் திருகலை முழங்கால் மூட்டுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கால் கதவின் கீல் மாதிரி மடங்கி நிமிரத்தான் ஏற்பட்டது, திருகலை அது தாங்காது. நாற்காலியில் வேலை பார்த்துப் பழகிய நாற்பது வயதுக்காரர் முதல் மாதத்திலேயே பத்மாசனம் போட முயல்வதை நான் அனுமதிப்பதே இல்லை.

தலையணை அல்லது மடித்த போர்வை மேல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும். அப்படியும் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு நிமிர்ந்த முதுகுதான் வேண்டும்.

மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கிறதே?

தசை முழுவதும் பரவலாக, அமுக்கினால் வலிப்பது பழகாத வேலையால் வருவது. ஒன்றிலிருந்து மூன்று நாளில் போய்விடும். அன்றைக்கு எளிதாகச் செய்யுங்கள், நிறுத்த வேண்டாம். மூட்டுக்குள் குத்துவது, மின்சாரம் பாய்வது போலக் காலுக்கோ கைக்கோ இறங்குவது, மரத்துப்போவது, மூன்று நாளைக்கு மேலும் நீடிப்பது, இவை வேறு. அந்த ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

யூடியூப் பார்த்துச் செய்தால் போதாதா?

ஆசனத்தின் பெயரும் வடிவமும் தெரிந்துகொள்ள யூடியூப் உதவும். ஆனால் வீடியோவில் இருப்பவரால் உங்கள் முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொரு தொல்லை, குனிந்த நிலையிலும் குப்புறப் படுத்த நிலையிலும் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவது. கழுத்துப்பிடிப்போடு வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

முடிந்தால் தொடக்கத்தில் சில வகுப்புகளாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு வசதி குறைவில்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் அதனுடன் மருத்துவமனையும் இருக்கின்றன. சின்ன ஊர்களில்கூட அறிவுத்திருக்கோயில் என்ற பெயரில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் நடக்கின்றன. அங்கே கற்றுத்தரும் எளியமுறை உடற்பயிற்சி, பெயருக்கேற்றபடி வயதானவர்களும் செய்யும்படி இருக்கும்.

ஆசிரியரிடம் முதல் நாள் கவனிக்க வேண்டியது: உங்கள் வயது, வேலை, பழைய அடிபட்டது, ஆபரேஷன், மாத்திரை எல்லாம் கேட்கிறாரா? வலிக்கிறது என்றால் மாற்று சொல்கிறாரா, அல்லது முதுகில் கை வைத்து அழுத்துகிறாரா? அழுத்துகிறவரிடம் மறுநாள் போகாதீர்கள்.

எந்த முறை நல்லது? இத்தனை பெயர்கள் இருக்கின்றனவே?

இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் பல முறைகள் ஒரே ஆளிடமிருந்து கிளைத்தவை. மைசூர் அரண்மனையில் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்து, 1989இல் நூறு வயது கடந்து மறையும்வரை இங்கேயே இருந்தார். அவர் மாணவர்களில் அய்யங்கார் துல்லியமான நிலைகளையும் துணைப்பொருட்களையும் பிடித்துக்கொண்டார். மைசூரில் இருந்த பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு இடைவிடாமல் ஓடும் கடுமையான வரிசையைக் கற்பித்தார். மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ப வகுத்துத் தருவதை வலியுறுத்தினார்.

ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களே இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்றால், உங்களுக்கு ஏற்றது எது என்பதே கேள்வி. பழக்கம் ஏற்படுவதுதான் இப்போதைய தேவை என்றால் தேசிகாச்சார் வழியையே நான் சொல்வேன். வேகமான வரிசைகளை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அருகில், நடந்து போகிற தூரத்தில் எது இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பஸ் மாறிப் போக வேண்டிய பிரமாதமான வகுப்பை மழைக்காலம் தின்றுவிடும்.

பிராணாயாமம் எப்போது தொடங்கலாம்?

மூச்சோடு சேர்த்து அசையும் மேற்சொன்ன வரிசையே பிராணாயாமத்துக்குத் தயாரிப்புதான். முதல் மூன்று மாதம் கழித்து, மூச்சை அடக்காமல், நாடிசுத்தி (மூக்கின் இரண்டு துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சை எடுத்து விடுவது) ஆறு சுற்று சேர்த்துக்கொள்ளலாம். வேகமாக மூச்சு விடும் கபாலபாதியும் பஸ்த்ரிகாவும் டிவியில் பார்த்து உடனே தொடங்கத் தக்கவை இல்லை. உயர் ரத்த அழுத்தம், இதயநோய், ஹெர்னியா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

யார் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்?

கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயநோய், டிஸ்க் விலகல், எலும்புத் தேய்மானம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், அடிக்கடி தலைச்சுற்றல், இவற்றில் எது இருந்தாலும் கேளுங்கள். எலும்பு வலுவிழந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவது முள்ளெலும்பு முறிவில் கொண்டுபோய் விடலாம் என்பதால் குறிப்பாக எச்சரிக்கை வேண்டும்.

பலருக்குத் தெரியாதது கண். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று அளந்து காட்டினார்கள். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களை விட்டுவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால், நாற்பது தாண்டியவர்கள் ஒரு முறை கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொண்டு தொடங்குங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் செய்வது பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சவாசனத்திலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.

மாதவிடாய் நாட்களில்?

உடம்பு கேட்பதைச் செய்யுங்கள். தலைகீழ் ஆசனங்களையும் வயிற்றை இறுக்குகிறவற்றையும் அந்த நாட்களில் விடுவது மரபு. படுத்தபடி செய்பவற்றை மட்டும் செய்துவிட்டுச் சவாசனத்தை நீட்டிக்கொண்டாலே அன்றைய பயிற்சி முடிந்த கணக்குதான்.

நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு யோகா மட்டும் செய்யலாமா? எடை குறையுமா?

நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் சொல்கிறது. நான் சொன்ன பதினைந்து நிமிடம் அந்த அளவுக்கு இதயத்தை வேலை வாங்காது. நடையும் வேண்டும்.

எடைக்காக மட்டும் தொடங்கினால் இரண்டாம் மாதத்தில் மனம் தளர்ந்துவிடும், ஏனென்றால் மென்மையான ஆசனங்கள் அதிகம் கலோரி எரிப்பதில்லை. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, இரவு தூக்கம் எப்படி, மாலையில் தோள்பட்டை எவ்வளவு இறுகியிருக்கிறது, இவற்றைக் கவனியுங்கள். மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான்.

நான் வேறு மதம். மந்திரம் சொல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். ஓங்காரமோ சூரிய நமஸ்கார மந்திரங்களோ சொல்ல விரும்பாதவர்கள் மௌனமாகச் செய்யட்டும். பிரார்த்தனையோடு தொடங்க விரும்பினால் அவரவர் பிரார்த்தனையோடு தொடங்கட்டும். இதில் கட்டாயப்படுத்தும் ஆசிரியர் தேவையில்லை.

கல்யாணம், ஊர்ப் பயணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போனால்?

விட்டுப்போகும். தீபாவளி வாரம், பொங்கல் வாரம், ஆண்டு இறுதித் தேர்வு, கோயில் திருவிழா, இவையெல்லாம் எந்த மாதத்தில் வரும் என்று இப்போதே தெரியும் அல்லவா? அந்த வாரங்களுக்கு அந்தச் சின்ன அளவு மட்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அத்தை வீட்டில் பத்துப் பேர் படுத்திருக்கும் கூடத்தில் விரிப்பைப் போட முடியாதுதான். மொட்டைமாடியில் நின்றபடி கைகளைத் தூக்கி இறக்க முடியும். ரயிலில் உட்கார்ந்தபடி மூச்சை நீளமாக விட முடியும்.

திரும்பத் தொடங்கும்போது விட்ட நாட்களை ஈடுகட்டுவதற்காக ஒரு மணி நேரம் செய்யாதீர்கள். உடம்பு வலித்து மறுநாளும் போய்விடும். பாதி அளவில் தொடங்குங்கள். காய்ச்சல் விட்டபின் முதல் இரண்டு நாள் சவாசனமும் மெதுவான மூச்சும் போதும்.

காலண்டரில் செய்த நாளை டிக் அடிப்பது சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. விட்ட நாளுக்குச் சிவப்புக் குறி மட்டும் வேண்டாம். வரிசையாகச் சிவப்பைப் பார்த்தால் காலண்டரைப் பார்க்கவே மனம் வராது.

வீட்டில் கேலி செய்கிறார்கள், பிள்ளைகள் முதுகில் ஏறுகின்றன. என்ன செய்ய?

பிள்ளைகளைத் துரத்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு விரிப்பைப் போட்டுவிட்டால் ஐந்து நிமிடம் கூடச் செய்துவிட்டு அவர்களாகவே போய்விடுவார்கள். பெரியவர்களிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: அந்தப் பதினைந்து நிமிடம் அழைப்பு மணி அடித்தால் அவர்கள் கதவைத் திறக்க வேண்டும். கேலி சில வாரங்களில் அடங்கிவிடும். பெண்கள் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதினைந்து நிமிடம் கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

எப்போது நேரத்தைக் கூட்டலாம்?

செய்யாத நாளில் ஏதோ குறைகிற மாதிரி உங்களுக்கே தோன்றத் தொடங்கியபின். சிலருக்கு அது மூன்றாம் மாதம், சிலருக்கு எட்டாம் மாதம். அப்போது ஐந்து நிமிடம் கூட்டி, திரிகோணாசனமோ அர்த்த சலபாசனமோ ஒன்றை மட்டும் சேர்த்து, ஒரு மாதம் அப்படியே வையுங்கள். பிறகு அடுத்தது. நாற்பது நிமிடம் வந்தபின்னும் அந்தச் சின்ன அளவை மறக்க வேண்டாம், அது என்றைக்கும் கையில் இருக்கட்டும். சர்வாங்காசனம், சிரசாசனம் இரண்டையும் மட்டும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.